பதில் கேட்ட பாட்டு

நடு அரேபியாவின் மேல் நஜ்தில் நிஃபி என்று ஒரு சிற்றூர். அதன் தலைவராக இருந்த அப்துல்லா இப்னு சுபய்யில் 1933-இல் காலமானார். அவர் ஊரில் குடியிருந்தவர். ஆனால் அவர் பாடிய காதலெல்லாம் கூடாரத்துப் பெண்கள்மேல்தான். கோடையில் பாலைவனத்துப் புல் கருகியதும் பெதூயின் குலங்கள் ஒட்டக மந்தைகளை ஓட்டிக்கொண்டு கிணறுள்ள ஊர்களின் ஓரத்தில் வந்து இறங்கும். வெண்ணெயும் கம்பளியும் விற்று, பேரீச்சம்பழம் வாங்கும். சில மாதங்களுக்கு இரு தரப்புக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆகஸ்டு கடைசியில் தெற்கு வானின் அடியில் சுஹைல் நட்சத்திரம் தலைகாட்டும். நாம் அகத்திய மீன் என்கிறோமே, அதேதான். அதன்பின் தொலைவில் எங்கோ மின்னல் வெட்டினால் போதும், விடிவதற்குள் கூடாரங்கள் மடங்கி ஒட்டகத்தின் மேல் ஏறிவிடும். கரி படிந்த அடுப்புக்கற்கள்தான் மிஞ்சும். இப்னு சுபய்யில் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார்.

சங்கப் பாட்டுப் படித்தவருக்குப் பிரிவையும் பாலையையும் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே தலைவன் வீட்டிலேயே நிற்கிறான், தலைவியின் ஊர் எழுந்து போகிறது.

இன்று நஜ்தில் ஊர் எழுந்து போவதில்லை. மந்தை லாரியில் போகிறது, தண்ணீர் டேங்கரில் வருகிறது, கூடாரக்காரரின் பேரப்பிள்ளைகள் ரியாத்தில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். இத்தோடு பாட்டும் போயிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அரபு வளைகுடாவில் நாட்டு வழக்கில் பாடப்படும் கவிதை இன்று தொலைக்காட்சியில், கைப்பேசியில், கார் ஒலிபெருக்கியில் என்று எங்கும் நிறைந்து கிடக்கிறது. இவ்வளவு பாட்டு அந்த மணலில் எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. போனது வேறொன்று. அது என்ன என்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

இந்தக் கவிதைக்கு நபதி என்று பெயர். பெட்ராவைக் கட்டிய நபத்தேயரிடமிருந்து வந்த பெயரா, வேறு வேரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 'சுத்த அரபு அல்லாதது' என்ற ஓர் இளக்காரமும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குர்ஆனின் அரபியில் சொல்லின் கடைசியில் வேற்றுமை ஒலிகள் வரும். பேச்சு அரபியில் அவை உதிர்ந்துவிட்டன. உதிர்ந்த மொழியில் பாடுவது கவிதையாகுமா என்று இலக்கணப் புலவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் நடந்த வழக்கைக் கேட்டவர்கள் நாம், அந்தச் சுளிப்பு நமக்குப் புரியும். புலவர்களுக்குப் பதில் சொன்னவர் இப்னு கல்தூன். 1377-இல் எழுதிய 'முகத்திமா'வின் கடைசிப் பகுதியில், பனூ ஹிலால் குலத்தாரின் நாட்டு வழக்குப் பாட்டுகளை அப்படியே எடுத்து வைக்கிறார். வேற்றுமை உருபு போனதால் சொல்லழகு போய்விடாது, அந்த வழக்கோடு பழகாத காதுக்குத்தான் அது கரடாகக் கேட்கிறது என்று வாதாடுகிறார். அறுநூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த வாதம் பழசாகவில்லை.

யாப்புச் சொற்களே கூடாரத்திலிருந்து வந்தவைதான். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தபோது, அசைகளின் ஒரு வகைக்கு வத்தத் என்று பேரிட்டார். வத்தத் என்றால் கூடாரத்து முளை. இன்னொன்று சபப், அதாவது கயிறு. அடியின் பாதி மிஸ்ரா, கதவின் ஒரு பலகை. முழு அடிக்குப் பெயர் பைத், வீடு. நம்மூர் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பைத்து ஓதுகிறார்களே, அந்தப் பைத்தும் இதே சொல்தான். பெதூயினுக்கு வீடென்றால் ஆட்டு மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம். ஆக, அவர் நாவில் கூடாரமும் கவிதை அடியும் ஒரே சொல். நபதியில் அந்த வீட்டுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் பாதிக்கு ஓர் இயைபு, அடுத்த பாதிக்கு வேறோர் இயைபு. பாட்டு எத்தனை அடி நீண்டாலும் இரண்டும் கடைசிவரை மாறக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதை மனத்திலேயே கட்டி மனத்திலேயே வைத்திருந்தார்கள்.

அந்தப் பாட்டு என்ன வேலை செய்தது என்பதுதான் முக்கியம். பழைய நபதிப் பாட்டு ஒன்றின் போக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். புலவர் மனம் கொதித்து ஒரு குன்றின் உச்சியில் ஏறி உட்கார்கிறார். அங்கே பாட்டு பிறக்கிறது. உடனே ஓர் ஒட்டகக்காரனைக் கூப்பிட்டு, இதை இன்னாரிடம் கொண்டுபோ என்கிறார். பிறகு அந்த ஒட்டகத்தின் வருணனை: அதன் வயது, அது மேய்ந்த மேய்ச்சல், அது தீக்கோழிபோல் ஓடும் ஓட்டம். அப்புறம் வழி: எந்தக் கிணற்றில் தண்ணீர் காட்டவேண்டும், எந்த மலையை இடப்பக்கம் விடவேண்டும் என்று ஒவ்வொரு நாள் பயணமும் பேரோடு வரும். போய்ச் சேர்ந்த இடத்தில் காப்பியின் மணம். அதற்கும் பிறகுதான் சேதி. கடைசியில், பெய்த மழைத்துளிகளின் எண்ணிக்கை அளவுக்கு நபிகள்மேல் வாழ்த்து.

நம் தூது இலக்கியத்தில் கிளியும் மேகமும் போகும், போய்ச் சேருமா என்று யாரும் கேட்கமாட்டோம். நபதியின் தூது அப்படியல்ல. ஒட்டகக்காரன் நிஜமாகவே போனான், பாட்டும் நிஜமாகவே போய்ச் சேர்ந்தது. கேட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலும் அதே சந்தத்தில், அதே இயைபில் வரவேண்டும். மந்தை களவுபோனது, அடைக்கலம் மறுக்கப்பட்டது, பெண் கேட்டது, சமாதானம் வேண்டியது எல்லாம் இப்படிப் பாட்டாகப் போனவை. அஜ்மான் குலத் தலைவர் ராகான் இப்னு ஹித்லைனை உஸ்மானியர்கள் பிடித்து, பாலைவனத்துக்கு வெகு தொலைவில் ஆண்டுக்கணக்கில் சிறைவைத்தார்கள். அவரது சிறைப்பாட்டுகளை அவர் குலத்தார் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ஹுமைதான் அஷ்ஷுவைஇர் வசையில் வல்லவர். ஆட்சியாளர்களோடு, சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. வசை ஒட்டிக்கொண்டால் பரம்பரைக்கும் போகாது என்ற பயத்தில், புலவர் கூடாரத்துக்கு வந்தால் ஆடு அறுத்தவர்கள் பலர்.

பாட்டு தனியாகவும் வராது. முதலில் சால்ஃபா என்ற கதை: யார் யாரோடு மோதினார், ஏன், எந்தக் கிணற்றடியில் என்பதெல்லாம். கதை சொல்லி முடித்து, அதற்குச் சாட்சியாகப் பாட்டைச் சொல்வார்கள். பாட்டில்லாத கதையை நம்பமாட்டார்கள், கதையில்லாத பாட்டு புரியாது. இரண்டையும் சுமந்தவர் ராவி. அவர் பாடகர் அல்ல. குலத்தின் பத்திர ஆபீஸ் என்று சொன்னால் சரியாக இருக்கும். சபையும் அதற்கேற்றதாக இருந்தது. காப்பிக்கொட்டையை வறுத்துப் பித்தளை உரலில் இடிக்கும் சத்தமே அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்கு அழைப்பு. அதனால்தான் நபதியில் காப்பி தனித்துறையாகவே வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் உனைஸா நகரத்து முஹம்மத் அல்காதி பாடிய காப்பிப் பாட்டு அதில் தலைசிறந்ததாக இன்றும் பேசப்படுகிறது.

ஆண்கள் பாட்டு சபைக்கு. பெண்கள் பாட்டு சபைக்கு வராதவற்றுக்கு. எகிப்தின் மேற்குப் பாலைவனத்து அவ்லாத் அலி மக்களிடையே 1970-களின் கடைசியில் தங்கி ஆராய்ந்த லைலா அபூ லுகோத், 'கின்னாவா' என்ற குறும்பாட்டுகளைப் பற்றி 1986-இல் எழுதிய நூல் மானுடவியலில் ஒரு மைல்கல். கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தால் அங்குள்ள பெண் வாயால் சொல்வது 'போகட்டும், எனக்கென்ன' என்பதுதான். மானம் அதைத்தான் அனுமதிக்கும். அதே பெண் அன்று மாலை, நெருங்கிய தோழிகள் நடுவே ஒரேயொரு குறும்பாட்டில் உடைந்துபோவாள். கேட்பவர்கள் அழுவார்கள். ஆனால் அதை வெளியே யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் குலையவில்லை. 1912-ஐ ஒட்டி நஜ்தில் அல் அர்தாவியா போன்ற குடியேற்றங்களில் இப்னு சவூது பெதூயின்களைக் குடியமர்த்தத் தொடங்கினார். சொன்ன பேச்சு கேட்காத குலப்படைகளை 1929-இல் சபிலாப் போரில் நொறுக்கினார். 1932-இல் சவூதி அரேபியா நாடாயிற்று, 1938-இல் தம்மாமில் எண்ணெய் பீறிட்டது. ஒட்டகக் கொள்ளை ஒழிந்தது. அதைக் குறை சொல்ல முடியாது, செத்தவர்களின் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பாதி நபதிக்குப் பொருள் கொடுத்தது அதுதான். வழக்கு இனிக் காஜி முன்னால், புகார் போலீசிடம், சேதி தபாலில். பாட்டு செய்த வேலைகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.

புலவர்கள் சும்மா இருக்கவில்லை. 1960-களில் பிக்கப் லாரி வந்ததும் அதைத் தூக்கிப் பாட்டுக்குள் வைத்தார்கள். குன்றில் ஏறி உட்காரும் புலவர் அப்படியே இருந்தார், தூதன் மட்டும் வண்டி ஓட்டினான். ஒட்டகத்தின் தொடையும் திமிலும் வந்த இடத்தில் என்ஜினும் டயரும் வந்தன. மரபு செத்துவிட்டது என்று புலம்பியவர்களுக்கு இது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். எனக்கு அது மரபின் தெம்பாகத்தான் படுகிறது. சீனாய்ப் பெதூயின் புலவர்கள் இதே அச்சில் சதாம் உசேனுக்கும் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் இடம் கொடுத்தார்கள், ஈராக் போரைப் பழைய குலச்சண்டையின் சொற்களிலேயே அளந்தார்கள்.

அச்சும் இதே காலத்தில் வந்து சேர்ந்தது. காலித் அல்ஃபரஜ் தொகுத்த நபதித் திரட்டு 1952-இல் டமாஸ்கஸில் வெளியானபோது, நாட்டு வழக்கை அச்சேற்றினால் குர்ஆனின் மொழி கெடும், அரபு ஒற்றுமை சிதறும் என்று நினைத்த அறிஞர்கள் நிறையப் பேர். பல்கலைக்கழகங்கள் பல காலம் இந்தப் பக்கமே திரும்பவில்லை. சவூதி அறிஞர் ஸஅத் அஸ்ஸுவையான் 1985-இல் நபதி பற்றிய நூலை ஆங்கிலத்தில், கலிபோர்னியாவில்தான் வெளியிட்டார். ஊர் ஊராகப் போய் முதியவர்களை ஒலிநாடாவில் பதிவு செய்தவரும் அவர்தான். அந்த நாடாக்கள் இல்லையென்றால் சால்ஃபாக்களில் பெரும்பகுதி சொன்னவர்களோடு புதைந்திருக்கும். ரியாத்தில் நெதர்லாந்துத் தூதரகத்தில் வேலை பார்த்த மார்செல் குர்பர்ஷூக் தெற்கு நஜ்தில் தவாஸிர் குலத்து அத்தின்தான் என்ற புலவரைத் தேடிப்போனார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழை அவர். பாட்டுகளைத் தலைக்குள்ளேயே இழைத்து வைத்திருந்தார். 1994-இல் அவை லைடன் நகரத்துப் பதிப்பாகக் கெட்டி அட்டையில் வந்தன. சொன்னவரால் படிக்க முடியாத புத்தகம்.

ஒலிநாடாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவ்லாத் அலி கல்யாணங்களில் முன்பெல்லாம் இளைஞர்களின் பாட்டுக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து பதில் பாட்டு வரும். 1980-களில் மைக்கும் கூலிக்கு வந்த பாடகனும் கேசட் கடையும் வந்தபின் பாட்டு இளைஞர்கள் கைக்குப் போயிற்று. பெண் குரல் ஒலிபெருக்கியில் வருவது முறையல்ல என்பதால் அவர்கள் பக்கம் அடங்கியது. வசதி வந்த இடத்தில் ஒரு வாய் மூடிப்போனதைப் பற்றி அதிகம் பேர் கவலைப்படவில்லை.

2006 டிசம்பரில் அபுதாபி தொலைக்காட்சி 'ஷாயிர் அல்மில்யூன்' என்ற போட்டியைத் தொடங்கியது. மில்லியன் திர்ஹாம் கவிஞர். அல் ரஹா கடற்கரை அரங்கத்தில் 48 கவிஞர்கள், நடுவர்கள், மின்னும் விளக்குகள், வீட்டிலிருப்பவர்கள் அனுப்பும் வாக்குகள். பிற்காலத்தில் முதல் பரிசு 50 லட்சம் திர்ஹாமாக உயர்ந்தது. வென்றவர் கையில் பைரக் என்ற கொடியைக் கொடுக்கிறார்கள். போர்க்களத்தில் குலத்தலைவன் முன்னால் பிடித்துப் போன கொடியின் பெயர் அது. தங்கள் ஆள் மேடையேறினால் குலமே திரண்டு வாக்களிப்பதும், இது கவிதைப் போட்டியா குலப் போட்டியா என்று பத்திரிகைகள் கடிந்துகொள்வதும் ஒவ்வொரு பருவமும் நடக்கிறது.

(ஒட்டகமும் இப்போது போட்டிக்குத்தான் போகிறது. சவூதியின் மன்னர் அப்துல்அஜீஸ் ஒட்டகத் திருவிழாவில் உதடும் மூக்கும் எடுப்பாகத் தெரிய போடாக்ஸ் ஊசி போட்டதற்காக 2018-இல் பன்னிரண்டு ஒட்டகங்களை வெளியேற்றினார்கள்.)

அரங்கத்துக் கவிதை மட்டமானது என்று சொல்லமாட்டேன். யாப்பு பிசகினால் நடுவர்கள் விடுவதில்லை. கூடாரத்தில் பிறக்காத பிள்ளைகள் பாட்டன் மொழியில் பழுதில்லாமல் பாடுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு யாருக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. கேட்பவர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லை. மதிப்பெண் வருகிறது, பதில் வருவதில்லை. ராவியும் இல்லை, பாட்டுக்கு முன்னால் வரும் கதையும் இல்லை. அந்த இடத்தில் விளம்பர இடைவேளை.

அரசுகளுக்கு இது பிடித்தமான பாட்டு. ஒட்டகச் சவாரியில் இரண்டு அணியாகப் பிரிந்து எதிரும் புதிருமாகப் பாடும் தக்ரூதா, ஏழு அடிக்கு மேல் போகாத பாட்டு. அமீரகத்துக்கும் ஓமனுக்கும் உரிய மரபாக 2012-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆள்பவர்களே புலவர்கள். துபாய் ஆட்சியாளர் முஹம்மத் பின் ராஷித் தொடக்கத்தில் புனைபெயரில் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பியவர். ஜெபல் அலியில் கடலுக்குள் திட்டமிட்ட ஈச்சமரத் தீவைச் சுற்றி, தண்ணீர்மேல் நிற்கும் வீடுகளையே எழுத்துகளாக வரிசைப்படுத்தி அவர் கவிதையை எழுதுவதாக இருந்தது. விமானத்திலிருந்து படிக்கலாம் என்றார்கள். பைத் என்றால் வீடு, பைத் என்றால் அடி என்பதை அவ்வளவு நேராக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. 2008 நெருக்கடியில் வேலை நின்றது. 2023-இல் புதிய வரைபடத்தோடு தீவு மறுபடி அறிவிக்கப்பட்டது.

அல் ஐனில் 1920-இல் பிறந்த புலவர் அவ்ஷா பின்த் கலீஃபா அல் சுவைதி சொந்தப் பெயரில் அல்ல, 'வளைகுடாப் பெண்' என்ற பெயரில்தான் வெகுகாலம் அறியப்பட்டார். 1989-இல் முஹம்மத் பின் ராஷித் அதை 'அரபுப் பெண்' என்று உயர்த்தினார். அவ்ஷா 2018-இல் மறைந்தார். துபாய் தேராவில் தங்கக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் 'பைத் அல் பனாத்' என்ற பெண்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. அவருக்கென்று ஒரு பகுதியே அங்கே உண்டு. தேராவில் நகை வாங்கப் போகும் நம்மவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம்.

மேடை மேடையாகவே நிற்காமல் போன நாட்களும் உண்டு. 2010-இல் மில்லியன் கவிஞர் அரங்கத்துக்கு முகத்திரையோடு வந்தார் சவூதிப் பெண் ஹிஸ்ஸா ஹிலால். இளமையில் அவரும் புனைபெயரில் எழுதியவர்தான். வன்முறையைத் தூண்டும் ஃபத்வாக்களையும் அவற்றைக் கொடுப்பவர்களையும் நேராகத் தாக்கி அவர் பாடினார். யாருக்குப் பாடினாரோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இணையத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை, இறுதிச் சுற்றுக்கு வந்த முதல் பெண்ணாக மூன்றாமிடமும் 30 லட்சம் திர்ஹாமும் பெற்றார். பழைய புலவர்கள் கண்டிருந்தால் பரிசைப் பார்த்து வாய்பிளந்திருப்பார்கள், மிரட்டலைப் பார்த்து வியந்திருக்கமாட்டார்கள்.

கத்தாரின் முஹம்மத் அல் அஜமிக்கு மேடைகூட இருக்கவில்லை. 2010-இல் கெய்ரோவில் ஒரு வீட்டுக்குள் நண்பர்கள் நடுவே, இன்னொரு கவிஞரின் பாட்டுக்கு எதிர்ப்பாட்டாக ஒன்றைச் சொன்னார். பழைய சபையில் நடப்பது போலத்தான். அதை யாரோ பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். துனிசியக் கிளர்ச்சியின்போது அவர் பாடிய 'மல்லிகை'யும் பரவியது. 2011 நவம்பரில் கைது. அமீரை இழிவுபடுத்தினார், ஆட்சியைக் கவிழ்க்கத் தூண்டினார் என்று வழக்கு. 2012 நவம்பரில் ஆயுள் தண்டனை, மறு ஆண்டு பிப்ரவரியில் அது 15 ஆண்டாகக் குறைந்தது. 2016 மார்ச்சில் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார்.